பெட்டிகள் தள்ளிவிட்ட அழைப்பு

யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின், உச்சமுனை மீனவக் கிராமத்தில் பதினெட்டுப் படகுகளுக்கு ரேடியோப் பெட்டி பூட்டினோம். ஒரு படகு நிற்கும் இடம் மற்றப் படகுகளுக்குத் தெரிய வேண்டும், வெளியாருக்குத் தெரியக் கூடாது. மீனவர்கள் வைத்த நிபந்தனை அது. அதற்காகப் பெட்டிகள் எல்லாம் தத்தம் பங்கைக் கொடுத்து ஒரு குரூப் கீயை, குழுவுக்கான பொது ரகசியச் சாவியை, உருவாக்கும். அந்தக் கீ இல்லாமல் செய்தியைத் திறக்க முடியாது.

பெட்டிக்குள் இருந்தது சின்ன சிப். ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் கணக்குப் போட்டால் பற்றரி இறங்கிவிடும். ஆகவே இரண்டிரண்டாகச் சேர்ந்து, கிளை கிளையாகக் கீ உருவாகும்படி புரோகிராம் எழுதினேன். ஒரு பெட்டியை நீக்கிக் கீயை மாற்றினால் அதன் கிளை வழியே மட்டும் புதுக் கணக்கு. சில நொடிகளில் முடிந்துவிடும். அதில் எனக்குப் பெருமை.

ஒரு காலை மீனவர் சங்கச் செயலாளர் ஸ்டீபன் போன் எடுத்தார்.

"செபஸ்தியான்ட பெட்டி களவு போயிட்டுது தம்பி. உடனே கீய மாத்துங்க."

செபஸ்தியானின் பெட்டியை நீக்கிக் கீயை மாற்றினேன்.

பெட்டி களவு போகவில்லை. செபஸ்தியானின் தம்பி மார்சலின், பெட்டி இல்லாத தன் படகுக்கு அதைக் கழற்றிக்கொண்டு, கூட்டாளி யோக்கீமுடன் விடியவே கடலுக்குப் போயிருந்தார். அண்ணனிடம் சொல்லவில்லை. மத்தியானம் படகு கவிழ்ந்தது. நீர் புகாத அந்தப் பெட்டியின் அவசரப் பொத்தானை மார்சலின் அமுக்கிக்கொண்டே இருந்தார். மறுநாள் உடப்பு ஊர்ப் படகொன்று அவரைக் காப்பாற்றியது. யோக்கீம் கிடைக்கவில்லை.

மற்றப் பெட்டிகளின் பதிவைத் திறந்து பார்த்தேன். நாலு படகுகளுக்கு அழைப்பு எட்டியிருந்தது. நாலும் 'கீ பொருந்தவில்லை' என்று தள்ளிவிட்டிருந்தன.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மார்சலின் கேட்டார்:

"விரல் மரத்துப் போகுமட்டும் அமுக்கினன். ஒருத்தருக்கும் கேக்கல்லையா?"

"பெட்டிக்குக் கேட்டது. திறக்கல்ல. கீய மாத்தினது நான்தான்."

அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"யோக்கீம்ட மனிசிக்கிட்ட இத நீங்களே சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். யோக்கீமின் மனைவி கதவடியில் நின்றபடி முழுவதையும் கேட்டார்.

"அந்த அழைப்பு வந்த நேரம் அவர் உயிரோடயா இருந்தார்?"

"ஓம். மார்சலின் அப்பிடித்தான் சொன்னார்."

அவர் உள்ளே போய்விட்டார்.

அந்த வாரமே அவசர அழைப்பைக் குரூப் கீக்கு வெளியே எடுத்தேன். நீக்கப்பட்ட பெட்டி கூப்பிட்டாலும் இப்போது எல்லாப் பெட்டியும் சத்தமிடும். களவெடுத்தவன் விளையாட்டுக்கு அமுக்கக்கூடும் என்றார்கள் சங்கத்தார். அமுக்கட்டும், போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றேன்.

மீன் இருக்கும் இடத்தைக் காக்கப் போட்ட பூட்டை, உதவி கேட்கும் குரலுக்கும் போட்டுவைத்தேன். இந்த வேலைக்கு வருகிறவர்கள் அதைச் செய்யாதீர்கள்.