நெல்டா ப்ரூயிட்டும் நீலத் தண்ணீரும்

கோழி வெட்டும் ஆலையில் இருபத்திரண்டு வருஷம் குடலை உருவியவள் நெல்டா ப்ரூயிட். அந்த வேலையில் ஒரு நாள்கூட அவளுக்குக் குமட்டியதில்லை. ஆலையை விட்டு, புருஷன் லாயிடையும் அடக்கம் செய்த பிறகு, மிசூரி மலைக்காட்டிலிருக்கும் டேபர் ஹாலோ மாநிலப் பூங்காவில் முகாம் பொறுப்பாளராகச் சேர்ந்தாள். குமட்டல் என்றால் என்னவென்று அங்கேதான் தெரிந்துகொண்டாள்.

சம்பளம் கிடையாது. முகப்பிலுள்ள முதல் இடத்தில், தான் குடியிருக்கும் இழுவை வண்டியை நிறுத்திக் கோடை முழுவதும் இலவசமாக இருந்துகொள்ளலாம். பதிலுக்கு விறகு விற்க வேண்டும், வருகிறவர்களுக்கு இடம் காட்ட வேண்டும், குளியலறைக் கட்டடத்தைத் தினம் இரண்டு முறை கழுவ வேண்டும். லாயிடும் அவளும் கல்யாணமான புதிதில் கூடாரம் போட்ட காடு அது. ஆசையாகத்தான் வந்தாள்.

முதல் கோடையிலேயே ஆசை அழுகிப்போனது. கை கழுவும் தொட்டியில் மீனை அறுத்துச் செதிலும் பித்தப்பையுமாக அடைத்துவிட்டுப் போனார்கள். சமைக்க நெருப்பு மூட்டும் இரும்பு வளையத்தில் குழந்தையின் அணையாடையைப் போட்டு எரித்தார்கள். அது எரியாமல் வெந்து கிடந்தது. கழிப்பறைக்குள் சோளக்கட்டையைப் போட்டார்கள். ஒருமுறை முழுப் பன்றி விலா ஒன்று குழாயில் சிக்கியிருந்தது. நெல்டா மூக்கின் கீழ் தைலத்தைத் தடவிக்கொண்டு உள்ளே போவாள், வெளியே வந்து மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"கோழி செத்தாத்தான் நாறும். இதுங்க உசுரோட இருக்கறப்பவே நாறுதுங்க" என்பாள் ஷெல்பியிடம். ஷெல்பி அந்தப் பூங்காவின் ரேஞ்சர். இருபத்தாறு வயசுப் பெண்.

"வாராவாரம் சொல்ற மாதிரி இந்த ஞாயித்துக்கிழமையும் ராஜினாமாவா, நெல்டாம்மா?"

"சிரிடி, சிரி. நீ பேனாவப் புடிக்கிற, நான் பிரஷ்ஷப் புடிக்கிறேன்."

ஆறாவது கோடையில், ஜூலை நான்கு சுதந்திர தின விடுமுறைக்கு வந்தார் ராண்டல் ஹாகன். செயின்ட் லூயிஸ் பக்கம் பல் மருத்துவர். பேருந்து நீளத்தில் புத்தம்புது வண்டி. உள்ளே படுக்கையறை, சமையலறை, கழிப்பறை எல்லாம் இருந்தன. முப்பத்தொன்றாம் எண் இடம் அவருடையது. அவர் மனைவி கோரின் கையுறை மாட்டிக்கொண்டு பூங்காவின் மர மேசையை ப்ளீச் போட்டு மூன்று தரம் துடைத்தாள். அதன் பிறகே அதில் தட்டு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஹாகன் விறகுக் கொட்டகைக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, குளிக்கிற இடத்துல முடி கெடக்கு. நீளமா ஒண்ணு."

"எடுத்துடறேன் சார்."

சனிக்கிழமை இரண்டு முறை வந்தார். மறுபடியும் முடி. அப்புறம் ஒரு பூச்சி. "சுத்தம்னா என்னன்னு இங்க யாருக்குமே தெரியாதா? என் பொண்டாட்டி அந்தக் கட்டடத்துல காலே வைக்க மாட்டேங்கறா. நாங்க எங்க வண்டியிலதான் எல்லாம்."

நெல்டா பல்லைக் கடித்துக்கொண்டு முடியை எடுத்தாள்.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்குள் எல்லோரும் இடத்தைக் காலி செய்ய வேண்டும். வண்டிகளில் சேர்ந்த கழிவைக் கொட்டுவதற்கு வாசலருகே ஒரே ஒரு குழிதான் உண்டு. அன்றைக்கு அங்கே நாற்பது வண்டிகள் வரிசையில் நின்றன. வெயிலில் எஞ்சின்கள் உறுமிக்கொண்டிருந்தன. நெல்டா சாம்பல் அள்ளும் வாளியோடு மேட்டுப் பக்கம் போனபோது மணி பத்தரை இருக்கும். நாற்றம் முதலில் வந்தது. அதோடு கலந்து செயற்கைப் பூ வாசனை வேறு. அதுதான் இன்னும் மோசம்.

முப்பத்தொன்றிலிருந்து சரிவில் ஒரு நீல ஓடை இறங்கிக்கொண்டிருந்தது. கழிவுத் தொட்டியில் ஊற்றுகிற மருந்தின் நீலம். அதில் கரைந்தும் கரையாமலும் காகிதத் துணுக்குகளும் மற்றதும் மிதந்தன. கீழே முப்பத்திரண்டில் ஒரு சின்னக் கூடாரம். டெஸ்ஸா என்கிற இளந்தாய் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு பெண் குழந்தைகளும் ஓடைக்கரையில் குந்தியிருந்தார்கள். ஓக் இலைகளைப் படகாக விட்டு, சிக்கிய படகை விரலால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தொடாதீங்க! கையைத் தூக்குங்கடி! வாய்ல வைக்காதீங்க!" நெல்டா வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். சின்னவள் பயந்துபோய் அழுதாள். டெஸ்ஸா ஓடி வந்து பார்த்தாள், புரிந்துகொண்டாள், குழந்தைகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். தேய்த்தாள், தேய்த்தாள். பெரியவள் "வலிக்குதும்மா" என்று கத்தும்வரை தேய்த்தாள்.

மேலே ஹாகன் வண்டிக்கடியில் கழிவுக் குழாயின் திறப்பானை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நெல்டா நேராகப் போய் அவருடைய மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்து, வண்டியின் முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்திரிம்மா. நாங்க கெளம்பணும்."

"கீழ என்ன ஓடுது சார்?"

"பாத்திரம் கழுவின தண்ணி. சோப்புத் தண்ணி. மண்ணு குடிச்சிடும்."

"சோப்புத் தண்ணியா? அப்ப எறங்கிப் போய் அதுல கை கழுவிட்டு வாங்க. நான் எந்திரிக்கிறேன்."

ஹாகன் நகரவில்லை. "வரிசையப் பாத்தியா? ரெண்டு மணி நேரம் நிக்கணும். எனக்கு வேற வேலை இல்லயா?"

"மொகம்கூடக் கழுவலாம் சார். சோப்புதானே."

நெல்டா இடுப்பு ரேடியோவில் ஷெல்பியைக் கூப்பிட்டாள். அதற்குள் வண்டிப்படியில் கோரின் வந்து நின்றாள், கையில் இன்னும் கையுறை இருந்தது. சரிவைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"ராண்டல், போன மாசமும் வரிசையில நின்னு கொட்டிட்டு வந்தேன்னு சொன்னியே. பத்து நிமிஷத்துல வந்துட்ட."

அவர் கை துடைத்த துணியை மடிக்க ஆரம்பித்தார்.

"அப்ப இத்தன நாளா நம்மளுது எங்கதான் போச்சு? நாம நின்ன எடத்துலயே எல்லாமா? நான் அதுக்குப் பக்கத்துல உக்காந்தா சாப்பிட்டேன்?"

வாயைப் பொத்திக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனாள். அவள் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. அவள்மேல் நெல்டாவுக்கு இரக்கம் வரவில்லை. அதையும் தானே அலச வேண்டும் என்றுதான் தோன்றியது.

ஷெல்பி வந்து அபராதச் சீட்டு எழுதினாள். ஹாகன் அதை இரண்டு விரலால், அழுக்கானதைப் பிடிப்பதுபோல வாங்கிக்கொண்டார். டெஸ்ஸா குழந்தைகளின் செருப்புகளைக் குப்பைத்தொட்டியில் எறிந்தாள். வெறுங்காலோடு அவர்களைக் காரில் ஏற்றி, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனாள். நெல்டாவும் ஷெல்பியும் மஞ்சள் நாடா கட்டி, சுண்ணாம்பு தூவி, மேல்மண்ணைச் சுரண்டி மூட்டை கட்டினார்கள். சாயங்காலமாகிவிட்டது. ஒரு வாரத்துக்கு நெல்டா காய்ந்த ரொட்டி மட்டும்தான் சாப்பிட்டாள்.

பதினைந்து நாள் கழித்து மேலிடத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசினார். விருந்தினர் ஒருவரைப் பிறர் முன்னால் அவமானப்படுத்தியதாகவும், குளியலறையில் முடி கிடந்ததாகவும் புகார். ஹாகனிடம் மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதினால் முடிந்துவிடும் என்றார். நெல்டா ஒரு வரிதான் எழுதினாள்: "முடிக்காக வருந்துகிறேன்." கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். மேலிடம் அதை ரசிக்கவில்லை. அடுத்த வருஷம் அவள் வரலாமா என்று யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

"நீங்க யோசிக்க வேண்டாம். நான் யோசிச்சிட்டேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் கடைசியில் இழுவை வண்டியைக் கொக்கியில் மாட்டிக் கிளப்பும்போது ஷெல்பி கண் கலங்கிப்போய் நின்றாள். "அக்டோபர்ல வாங்க நெல்டாம்மா. அப்ப கூட்டமே இருக்காது, மான் மட்டும்தான் சுத்தும்."

"மான் நல்லதுடி. அது போற எடத்துல போகும், ஆனா வந்து முடியப் பத்திப் பேசாது."

ஒவ்வொரு கோடை முடிவிலும் ஊருக்குப் போகுமுன், பூங்காவின் ஓரமாக ஓடும் காட்டோடையில் கால் நனைப்பது அவள் வழக்கம். பாலத்தருகே நிறுத்தி இறங்கினாள். தண்ணீர் கண்ணாடிபோல் ஓடியது; அடியில் கூழாங்கல் எண்ணலாம். பாறையில் உட்கார்ந்து ஒரு காலணியைக் கழற்றினாள். மேல்பக்கம், வளைவைத் தாண்டி, யாரோ கும்பலாகச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர்களைத் தாண்டித்தான் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பிறகு காலணியை மாட்டிக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.