பாதி மாத்திரைத் தூக்கம்

பஸ் கிளம்பும் முன்னமே வாந்தி எடுக்கக்கூடிய பிள்ளை நான். டீசல் வாடை மூக்கில் ஏறினால் போதும். பாளையங்கோட்டையிலிருந்து சாத்தான்குளம் போகிற பஸ்ஸில் கண்டக்டருக்கே என்னை அடையாளம் தெரியும். "பாப்பாவுக்கு ஜன்னல் சீட்டை விடுங்க" என்று யாரையாவது எழுப்பிவிடுவார்.

அப்போது அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்கள் வீட்டில் தங்கி பார்மசி படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைதோறும் சாத்தான்குளத்தில் தாத்தா வீட்டுக்குப் போவாள். வயசுப்பிள்ளை தனியாகப் பஸ்ஸில் வரக்கூடாது என்பது தாத்தாவின் சட்டம். அதனால் மூன்றாம் வகுப்பு படித்த நான் அவளுக்குக் காவல். காவலுக்குப் போனவள் வழியெல்லாம் வாந்தி எடுத்ததுதான் சிக்கல். ஒருநாள் சித்தியின் புதுச் சுடிதாரையே நனைத்துவிட்டேன். "இனி இவ வராண்டாம். நீயும் மாசத்துக்கு ஒருக்கா என்கூட வந்தாப் போதும்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

சித்தி விடவில்லை. டாக்டரிடம் கேட்டு ஒரு மாத்திரை வாங்கி வந்தாள். தும்மலுக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற வகைதான். பஸ் ஏறுவதற்கு அரைமணி நேரம் முன்னால் பாதியை உடைத்துத் தருவாள்.

"அரிப்பு மாத்திரை வாந்திய எப்படி நிறுத்தும்?" என்றாள் அம்மா.

"காதுக்குள்ள தண்ணி மாதிரி ஒண்ணு இருக்குக்கா. பஸ் ஆடுனா அதுவும் ஆடும். நாம ஓடுதோம்னு காது மூளைக்குச் சொல்லும். கண்ணு முன்சீட்டைப் பாத்துட்டு, சும்மாதான இருக்கோம்னு சொல்லும். ரெண்டும் ஒத்துவராம மூளை குழம்பி வாந்தியக் கிளப்பிவிடும். காது சொன்னதக் கொண்டுபோறதுல ஹிஸ்டமின்னு ஒண்ணுக்குப் பங்கு உண்டு. அது வந்து உக்காருத இடத்துல இந்த மாத்திரை முந்திப் போய்த் துண்டு போட்டுரும். வாந்தி கிளம்பின பொறவு துண்டு போட்டு என்ன செய்ய? அதான் முன்னாலயே கொடுக்கேன்."

"தூங்கி விழுவாளோ?"

"நம்மள முழிச்சிருக்க வைக்கதும் அதே ஹிஸ்டமின்தான். மாத்திரை அங்கயும் போய் உக்காந்துக்கிடும். தூக்கம் வரத்தான் செய்யும்."

எனக்குப் புரிந்தது கடைசி விஷயம் மட்டும். தூங்க வைப்பதுதான் மாத்திரையின் வேலை. தூங்கினால் வாந்தி வராது.

பிறகு ஒரு சனிக்கிழமையும் வாந்தி இல்லை. செய்துங்கநல்லூர் வருவதற்குள் கண் சொருகிவிடும். சாத்தான்குளத்தில் சித்தி தட்டி எழுப்புவாள். இடையில் இருந்த ஊர்களெல்லாம் எனக்கு இல்லாமலே போயின.

ஒருநாள் மத்தியானம் பேய்க்குளத்துக்குப் பக்கத்தில் டயர் பஞ்சரானது. ஆட்டம் நின்றதும் விழித்துக்கொண்டேன். பக்கத்தில் சித்தி இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினேன். ரோட்டோரம் உடைமர நிழலில், உயரமான ஒருவரோடு நின்று அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறவள். எங்கள் தண்ணீர் பாட்டில் அவர் கையில் இருந்தது.

"என்ன பாப்பா, மாத்திரை அதுக்குள்ள தீந்துட்டோ?" என்றார் அவர்.

"கூடப் படிக்கிறவங்க. இதே பஸ்ஸுலதான் வாராங்க" என்று அவசரமாகச் சொன்னாள் சித்தி.

என் மாத்திரையைப் பற்றி வெளியாள்வரைக்கும் சித்தி பேசியிருக்கிறாள் என்று எனக்கு ஒரே பெருமை. அவர் எனக்கு நுங்கு வாங்கித் தந்தார். தாத்தா வெகுநாள் முறுக்கிக்கொண்டிருந்து, ஒருவழியாக இறங்கிவந்த பிறகு அவர் எனக்குச் சித்தப்பாவானார். அன்றைக்கு நுங்கு வாங்கித் தந்த ஒரு மாமா, அவ்வளவுதான்.

சாத்தான்குளத்தில் தாத்தா பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்தார். பஸ் பஞ்சராகி நின்ற சேதி அவருக்கு எட்டியிருந்தது. சித்தியை விட்டுவிட்டு என்னிடம்தான் கேட்டார்.

"ஏட்டி, பஸ் நின்ன நேரம் பூரா என்ன செஞ்சீங்க?"

சித்தி பையைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

எனக்கு வேறு பயம். முழித்துவிட்டேன் என்று சொன்னால் மாத்திரை வேலை செய்யவில்லை என்றாகிவிடும். அம்மா இனி அனுப்பமாட்டாள். தாத்தா வீட்டில் எனக்கென்று ஒரு வெள்ளாட்டுக்குட்டி வளர்ந்துகொண்டிருந்தது.

"தெரியாது தாத்தா. சித்தி மடியிலயே தூங்கிட்டேன். இங்க வந்துதான் முழிச்சேன்."

தாத்தாவின் முகம் தெளிந்தது. "நல்ல மாத்திரைதான்" என்று முன்னே நடந்தார்.

சித்தி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்தங்கினாள். "ஏன்ட்டி அப்படிச் சொன்ன?" என்று மெல்லக் கேட்டாள்.

"மாத்திரைக்குக் கெட்ட பேரு வந்துரக்கூடாதுல்லா."

அவள் நின்று என்னையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. தன் படிப்பின் மானத்தை நான் காப்பாற்றிவிட்டதற்குத்தான் அவ்வளவு சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.