கள்ளிப்பழத்துக்குள் ஒரு முள்

வாடிப்பட்டி தாண்டி பஸ் பஞ்சராகி நிற்கிறது, பிள்ளைகளே. வேலியோரம் ஆடு மேய்க்கும் ஒரு பெண் சப்பாத்திக்கள்ளிப் பழத்தைப் பறித்து, மேல்முள் போக மண்ணில் தேய்க்கிறார். உங்களுக்குக் கொண்டுவர ஆசை. தொண்டையில் குத்துமோ என்று பயம்.

“பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா, தங்கச்சி?”

“தாராளமா. சூட்டுக்கு நல்லது. உள்ள நட்சத்திரமாட்டம் ஒரு முள் இருக்கும், அதை எடுத்துட்டுத் திங்கணும். அம்புட்டுதான்.”

பிளந்து, முள்ளை எடுத்துவிட்டு நீட்டுகிறார். இனிக்கிறது. நான்கு தின்றுவிடுகிறேன்.

“அண்ணே, காலையில ஒண்ணுக்குச் செவப்பாப் போகும். ரத்தம்னு டாக்டர்கிட்ட ஓடிராதீக.”

பஸ் ஆட்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். அவர்கள் வாயும் சிவப்புதான்.

ஆறு பழத்தைத் துண்டில் முடிகிறேன். முள்ளை நானே எடுத்துத் தருவேன். நீங்கள் வாயைத் திறந்தால் போதும். அந்தச் சிவப்பு விஷயத்தை மட்டும் அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.