மாப்பிள்ளைக்கு விழாத அறை

பல்லடத்துக்குத் தெற்கே இருக்கும் அந்தக் கோழித்தீவன மில்லில் மேஸ்திரி கோபாலசாமியிடம் அறை வாங்காத ஆளே கிடையாது. லோடுமேன் வாங்கியிருக்கிறான், எலெக்ட்ரீசியன் வாங்கியிருக்கிறான். முதலாளி வேங்கடசாமியே ஒருநாள் இடுப்பில் கயிறு கட்டாமல் சைலோவுக்குள் குனிந்து பார்க்கப்போய், பிடரியைப் பிடித்து இழுத்துத் தள்ளப்பட்டார். சைலோ என்றால் மூன்று மாடி உயரத்துக்குத் தகரத்தில் நிற்கிற மக்காச்சோளக் குதிர். அதற்குள் கயிறில்லாமல் கால் வைத்தவனுக்கு முதலில் அறை, பிறகுதான் பேச்சு. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பதைக் கோபாலசாமி அப்படியே நம்பினார்.

அது பனிமலையில் பழகிய கை. பட்டாளத்தில் இருந்தபோது காஷ்மீர எல்லையில் ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டிக்கொண்டு ரோந்து போவார்கள். புதுப்பனி கொட்டி, மறுநாளே வெயில் சுள்ளென்று அடித்தால் அவர் கயிற்று முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். மேலே காற்று அடித்து இறுக்கிய கெட்டிப் பாளம்; அடியில் அஸ்கா சர்க்கரை போல ஒட்டாமல் உதிரும் பனி. கால் வைத்தால் உள்ளே தும்மென்று ஒரு சத்தம் வரும். கேட்டபிறகு ஓட நேரம் இருக்காது.

அப்படி ஒரு சரிவில்தான் உடுமலைக்காரன் ஜெரோம், படம் எடுக்கிறேன் என்று கயிற்றை அவிழ்த்தான். "வேண்டாம்டா" என்று கோபாலசாமி வாயால் சொன்னார். தும்மென்றது. சரிவு முழுக்கக் கிழிந்து இறங்கி அவனை அள்ளிக்கொண்டு போனது. நீளக் கம்பிகளால் குத்தித் தேடித் தோண்டி எடுத்தபோது ஜெரோமின் வாய் நிறையப் பனி. ஓர் அறை விட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று அன்றைக்குத் தோன்றியதுதான், அதன்பிறகு வாய்க்கு முன்னால் கை போகத் தொடங்கியது.

ஈரச் சோளத்துக்கும் பனியின் குணம்தான். மழைக்காலத்தில் மேலே பூஞ்சணம் பிடித்துப் பாளமாக இறுகும். அடியில் கன்வேயர் இழுக்க இழுக்க நடுவே பொந்து விழும். மேலே இருந்து பார்க்கிறவனுக்குக் களம் மாதிரி சமமாகத் தெரியும். இதை அவர் மில்லில் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்.

எல்லோருக்கும் என்றால் ரவிக்குமாருக்கும்தான். ரவிக்குமார் அதே மில்லில் மெஷின் ஓட்டுகிறவன். போன தை மாதம் கோபாலசாமியின் மகள் லோகப்பிரியாவைக் கட்டியவன். கல்யாணத்துக்கு முன்னால் அவனும் இரண்டு அறை வாங்கியவன்தான். தாலி ஏறிய மறுநாளிலிருந்து அவன் உள்ளே வந்தால் கோபாலசாமி ஸ்டூலை விட்டு எழுந்து நின்றார். நம் பக்கத்தில் மாப்பிள்ளை மரியாதைக்கு மில் என்றும் வீடு என்றும் கணக்கில்லை. லோடுமேன் நிஜாம் சிரிப்பான். "அண்ணனுக்கு இப்பத்தான் ஒரு முதலாளி கெடச்சிருக்காருங்க."

ஐப்பசி மழையில் ஒருநாள் காலை சைலோவில் சோளம் அடைத்துக்கொண்டு கன்வேயருக்கு இறங்கவில்லை. ரவிக்குமார் கடப்பாரையோடு ஏணியில் ஏறினான். கோபாலசாமி பின்னாலேயே ஏறினார்.

"மாப்ளைங்க, கவுத்தக் கட்டிக்கிட்டு எறங்குங்க."

"அர நிமிசந்தானுங்க மாமா. ரெண்டு குத்துல உழுந்துரும்."

கோபாலசாமியின் கை எழுந்தது. கீழே ஆட்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்த கை தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துவிட்டு இறங்கியது. பாழாய்ப்போன மரியாதை அந்தத் துண்டில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"பாத்துங்க மாப்ளை" என்று மட்டும் சொன்னார்.

ரவிக்குமார் பாளத்தில் இறங்கி ஒரு குத்துத்தான் குத்தினான். அடியில் தும்மென்றது. அந்தச் சத்தம் கோபாலசாமிக்கு எலும்பு வரை தெரியும். பாளம் இரண்டாகப் பிளந்து அவனை உள்ளே விட்டது. சுவரில் அப்பியிருந்த சோளம் முழுதும் கடகடவென்று இடிந்து அவன் தலைமேல் விழுந்தது.

"கன்வேயரை நிறுத்துங்கடா. தகரத்தை அறுங்க" என்று கத்திக்கொண்டே அவர் தன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக் குதித்தார். கையால் வாரினார். வாரிய குழியில் மறுபடி சோளம் சரிந்தது. ஒரு கை தட்டுப்பட்டது. அது அவர் விரல்களை நெரித்துப் பிடித்தது, நகம் பிய்ந்து ரத்தம் வரும் அளவுக்கு. உள்ளே அவன் மூச்சை விட விட நெஞ்சைச் சுற்றிச் சோளம் இறுகிக்கொண்டு வந்தது. வெளியே தகரம் அறுபடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தப் பிடி தளர்ந்தது.

அறுத்த ஓட்டை வழியாகச் சோளம் வாசலெல்லாம் பாய்ந்தபிறகுதான் அவனை வெளியே எடுக்க முடிந்தது. வாய் நிறையச் சோளம். கோபாலசாமி அதைத் தோண்டி எறிந்துவிட்டு அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். "எந்திரிடா" என்றார். மறுபடி அறைந்தார். நிஜாம் இடுப்போடு கட்டிப் பிடித்து இழுக்கும்வரை அறைந்துகொண்டே இருந்தார்.

செய்தி அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது, அறைந்தது உட்பட. லோகப்பிரியா வாசலில் அழாமல் நின்றாள். அப்பாவின் வலது கையைப் பிடித்துத் திருப்பி, நகம் போன விரல்களைப் பார்த்தாள்.

"ஊரையே அடிச்சீங்களேப்பா" என்றாள். "இவர ஏணி மேலயே ஒண்ணு அறஞ்சிருந்தா, உங்க மேல கோவிச்சுக்கிட்டு நேரா ஊட்டுக்கு வந்திருப்பாருங்களே."