புள்ளி வளர்ந்த குழல்

இந்த ஆடியோடு எனக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது. பெற்றது மூன்று, நாத்தனார் போன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டு. ஐந்தையும் கரையேற்றிவிட்டேன். படித்தது மூன்றாம் வகுப்புதான். ஆனால் இன்றுவரை என் மூக்கின் மேல் கண்ணாடி ஏறியதில்லை. ஊசியில் நூல் கோக்க மட்டும் பேத்தி பாப்பாவைக் கூப்பிடுவேன், அவளுக்கும் பழக வேண்டுமே என்று. என் கண்ணைப் பற்றி நான் பெருமையடித்தால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு காலத்தில் ஒரு பட்டறையே இந்தக் கண்ணை நம்பி நடந்தது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வெறும் வெளி. தூரத்தில் நாலைந்து மாடு மேயும், அவ்வளவுதான். அம்மாவின் தம்பி, என் மாமா, கல்யாணம் ஆகாமல் எங்களோடுதான் இருந்தார். அம்பத்தூரில் கண்ணாடி தேய்த்து லென்ஸ் செய்கிற சின்னப் பட்டறையில் அவருக்கு வேலை. தேய்த்து வரும் சில்லுகளைக் கடைசியாகப் பார்த்து, நல்லது கெட்டது பிரிக்கிற ஆள் அவர். அவர் கண்ணுக்கு ஒரு கீறல் தப்பாது என்று முதலாளியே சொல்வாராம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாமா சாப்பாட்டுப் பையிலிருந்து துண்டில் சுற்றிய இரண்டு கறுப்புக் குழல்களை எடுத்தார். துப்பாக்கியின் மேல் மாட்டிக் குறி பார்க்கிற ஸ்கோப் அவை. அம்மா பதறிப்போனாள்.

"இன்னாடா இது? துப்பாக்கி சாமானெல்லாம் ஊட்டுக்கு எத்தாந்துகீற! போலீசு வந்தா நானா பதில் சொல்றது?"

"துப்பாக்கி வேற, இது வேறக்கா. இது வெறும் கண்ணு."

"கண்ணுன்னா மூஞ்சில இருக்கணும். சோத்துப் பையில இன்னாத்துக்கு?"

மாமா சிரித்துக்கொண்டே என்னைப் பின்பக்கம் கூட்டிப் போனார். குட்டிச் சுவர் மேல் தவிட்டு மூட்டையை வைத்து, அதன் மேல் ஒரு குழலைப் பொருத்தினார். "குட்டி, ரெண்டுல ஒண்ணுதான் எங்க பட்டறைல செய்யப் போறோம். வாங்கறவரு நாளைக்கு பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு வராரு. எதுன்னு நான்தான் சொல்லணும். தப்பா சொன்னேன்னு வெச்சுக்கோ, ஆர்டரும் பூடும், நானும் பூடுவேன். நீ பாத்து இன்னா தெரியுதுன்னு சொல்லு."

கண்ணை வைத்தேன். ஐயோ, அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வேன்! எங்கேயோ மேய்ந்த வெள்ளைப் பசு என் மடியில் வந்து நின்றது. அதன் மேல் குறுக்கும் நெடுக்கும் இரண்டு கோடு. கோட்டில் வரிசையாகப் புள்ளி, வாசலில் கோலத்துக்கு வைப்பதுபோல. கொம்பிலிருந்து வால்வரை எண்ணினால் நாலு புள்ளி. மாமா குழலில் இருந்த வளையத்தைத் திருகினார். பசு பெரிதாயிற்று. புள்ளிகளும் கூடவே விலகிப் பெரிதாயின. எண்ணினேன், அதே நாலு.

அடுத்த குழலை வைத்தார். அதில் சின்னதாக இருந்தபோது பசு ஒரு புள்ளிக்குக் கொஞ்சம் கூட. திருகத் திருகப் பசு லாரி மாதிரி வளர்ந்தது. புள்ளி இம்மியும் அசையவில்லை. முழுக்கத் திருகிய பிறகுதான் நாலு வந்தது.

கோடு போட்ட சில்லைப் பெரிதாக்கும் கண்ணாடிக்கு முன்னால் வைத்தால் ஒரு விதம், பின்னால் வைத்தால் இன்னொரு விதம் என்றார் மாமா. புள்ளியை எண்ணித்தான் தூரத்தை அளப்பார்களாம். எனக்கு அதெல்லாம் எதற்கு? "மொத குழலுக்குத்தான் கோலம் போடத் தெரியுது மாமா. கோலத்தைப் பெருசாக்கினா புள்ளியையும் தள்ளித்தானே வெக்கணும்? ரெண்டாவது மக்கு" என்று குதித்தேன்.

மாமா முதல் குழலை மறுபடி மிகச் சின்னதாகத் திருகி, வெகுநேரம் பார்த்தார். "இதுல கோடே இல்லியே, குட்டி."

"கீது மாமா! முடி மாதிரி மெல்லிசா கீது."

மாமா குழலிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு என் தலையில் தட்டினார். "தெரியும். உன்னை டெஸ்ட் பண்ணேன்." தேறிவிட்டேன் என்ற பூரிப்பில் அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை.

மறுநாள் காலை சைக்கிள் பாரில் உட்கார்ந்து ஏரிக்கரைக்குப் போனேன். முதலாளி வந்திருந்தார். வாங்க வந்தவர் பெரிய மீசைக்காரர். பிள்ளைகளுக்குத் துப்பாக்கிப் பந்தயம் பழக்குகிறவர். குழல்களை மரத் தாங்கியில் வைத்திருந்தார்கள். எதிர்க்கரையில் ஒரு வெள்ளைப் பலகை.

"பலகை எத்தனை புள்ளின்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார் மீசைக்காரர், மாமாவிடம்.

மாமா அசையவில்லை. "நான் சொன்னா எங்க சரக்குக்கு நானே சாட்சின்னு நெனைப்பீங்க ஐயா. அதான் பொய் சொல்லத் தெரியாத ஆளைக் கூட்டியாந்துகீறேன்" என்று என்னை முன்னால் தள்ளினார்.

முதலாளியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! நான் குனிந்து குழலில் கண்ணை வைத்தேன். "பலகையைக் காணோம். எருமை வந்து குறுக்கால நின்னுகினு கீது!"

மீசைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "எருமையையே எண்ணும்மா."

எண்ணினேன். முதல் குழலில் எப்படித் திருகினாலும் மூன்று. இரண்டாவதில் முழுக்கத் திருகினால் மட்டும் மூன்று. அத்தோடு நின்றேனா? "மொத குழல்ல சின்னதா வெச்சா கோடு முடி மாதிரி ஆயிடும். வயசானவங்க கண்ணுக்குத் தெரியாது" என்றும் சொல்லி வைத்தேன். மீசைக்காரர் குனிந்து பார்த்து, "ஆமாம், தெரியலைதான்" என்று ஒப்புக்கொண்டார்.

அப்போதுதான் மாமா வாய் திறந்தார். "உங்க பசங்க ஒரே தூரத்துல சுடறவங்களா, தூரம் மாறுமா?"

"ஒரே தூரம்தான். எப்பவும் முழுசாத் திருகித்தான் வைப்பாங்க."

"அப்போ அளக்குற வேலையே இல்ல. ரெண்டாவது போதும் ஐயா. கோடு எப்பவும் தெளிவா நிக்கும்."

மீசைக்காரர் மாமாவின் தோளில் ஓங்கித் தட்டினார். முதலாளிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எனக்கோ அழுகை. கோலம் தெரிந்த குழல் தோற்று, மக்குக் குழல் ஜெயித்துவிட்டதே! திரும்பும் வழியில் மாமாவோடு நான் பேசவேயில்லை. சுண்டல் பொட்டலம் கைக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தேன்.

"தோத்தது நீ இல்ல குட்டி" என்றார். "நீ பாத்து சொல்லாட்டி எனக்கு இன்னா கேக்கறதுன்னே தெரிஞ்சிருக்காது."

அதன்பின் ஞாயிறுதோறும் பூட்டிய பட்டறையைத் திறந்து என்னை உட்கார வைப்பார். சில்லுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடிப்பேன். கீறல் என்றால் இடப்பக்கம், சுத்தம் என்றால் வலப்பக்கம். மாமா பிரித்து அடுக்குவார். வேலை அவருடையது, விளையாட்டு என்னுடையது என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

பத்தொன்பதில் என்னைத் திருமுல்லைவாயிலில் கட்டிக்கொடுத்தார்கள். அடுத்த மாதமே மாமா வேலையை விட்டார். சோம்பேறி என்று அம்மா திட்டினாள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். என் மூத்தவளைப் பார்க்க வந்தபோது, குழந்தையின் நெற்றியிலிருந்து முகவாய்வரை விரலால் மெல்லத் தடவினார். "அப்படியே உன்னை மாதிரி கீதுடி" என்றார். குழந்தை அச்சு அசல் அவள் அப்பா. மாமாவுக்கு என் மேல் அத்தனை பாசம் என்று சிரித்துவிட்டேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை.

பாப்பா, இங்கே வா. எழுதினதை ஒருமுறை படித்துக் காட்டு. முடி மாதிரி கோடு கீது என்று சொன்ன இடத்தை மட்டும் மெதுவாகப் படி. எனக்குத் தெரியாமல் இல்லை, எழுதியதே நான்தானே. உன்னைச் சோதித்துப் பார்க்கிறேன்.