தறிச் சத்தக்காரியின் ஆம்ப்ளிஃபயர்

பெங்களூர் மல்லேஸ்வரத்து வாடகை வீட்டின் நிசப்தத்தில் கண் விழித்ததும், கரண்ட் போய்விட்டதோ என்று இன்றும் ஒரு கணம் பதறுகிறேன். நான் பிறந்த குமாரபாளையத்தில் விசைத்தறிகள் நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும். வீட்டுக்குப் பின்னாலேயே தறிகள். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை எனக்கு. இங்கே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிதில் ஸ்குரூடிரைவர் கேட்டதற்கே, உடன் வேலை செய்யும் கன்னடக்காரர் மஞ்சுநாத், "யாக்கே மேடம், என்மேல கோபமா?" என்று முகம் வாடிப்போனார்.

இப்படிப்பட்டவளின் பிழைப்பு, ரேடியோ தொலைநோக்கியின் ஆண்டெனாவுக்கு இரைச்சல் குறைந்த ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பது. ஊரில் இதைப் படிப்பவர்கள் சிரிக்க வேண்டாம். வானத்திலிருந்து வரும் சிக்னல் அத்தனை மெலிது. அதைப் பெருக்கும் முதல் பெட்டியே தன் இரைச்சலைக் கலந்துவிட்டால், பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

போன மாதம் என் பெட்டி மானத்தை வாங்கியது. மூடி திறந்திருந்தால் பரம சாது. மூடித் திருகினாலோ, எந்தச் சிக்னலும் கொடுக்காமலே அளவுக்கருவியின் திரையில் ஊசிபோல ஒன்று எழும்பி நின்றது; தானாகவே கத்துகிறது என்று அர்த்தம்.

"விடும்மா, வெளிநாட்டுதே வாங்கிடலாம்," என்றார் குழுத் தலைவர்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இந்த வாரம் மட்டும் குடுங்க சார், அடக்கிக் காட்டுறேன்!"

வெளியேறும் சிக்னல் மூடியில் பட்டு மறுபடி உள்ளேயே திரும்புகிறது என்பது புரிந்தது. எந்த இடத்தில் என்பதுதான் பிடிபடவில்லை. கடைசியில் ஊசி மறையாத அளவுக்கு மூடியைச் சாய்த்து வைத்து, இடுக்கில் விரலை நீட்டி ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கு மேலும் காட்டிப் பார்த்தேன். இரண்டாவதன் மேல் விரல் வந்து அலையைக் குடித்ததும் ஊசி படுத்துவிட்டது. மூடியின் உட்புறம் சரியாக அந்த இடத்தில், அலையை உறிஞ்சும் கறுப்பு ரப்பர்த் துண்டு ஒன்றை ஒட்டித் திருகினேன்.

"அப்பாடா, ஆய்த்து மேடம்! கப்சிப்!" என்றார் மஞ்சுநாத்.

குழுத் தலைவர் அளந்து பார்த்துவிட்டு, "சரி, உன்னோடதே ஆண்டெனால ஏறட்டும்," என்றார்.

வெளியே மரத்தடிக்கு ஓடி அம்மாவுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. "அம்மா, என் பெட்டி ஆண்டெனாவுக்குப் போகுதும்மா."

"என்ன கண்ணு முனகுற? அங்க போயி உனக்குக் குரலே செத்துப்போச்சு. சத்தமாச் சொல்லு!"

சொன்னேன். ஆய்வுக்கூட ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. மஞ்சுநாத் உதட்டில் விரல் வைத்து, மெல்ல, மெல்ல என்று சைகை காட்டினார். காதில் அம்மா, "இன்னும் சத்தமா!" என்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, போனை இறுகப் பிடித்துக்கொண்டு, அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்: "நாஞ் செஞ்சதும்மா!"