அறுத்துவிட்டு ஓடியவர்

கப்பலில் நங்கூரம் இறக்கி ஏற்றுவது அவர் வேலை. அதனால் ‘நங்கூரம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஓரிடத்தில் ஒரு மாதம் தரிக்காத மனுஷனுக்கு இப்படியொரு பெயர் வைத்தவனுக்குக் குசும்பு ஜாஸ்தி.

டீ குடிக்கும்போதெல்லாம் அவர் ஒரு கதை சொல்வார். சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டுகிறவனை இங்கிலீஷ்காரன் ‘கட் அண்ட் ரன்’ என்பான். அறுத்துவிட்டு ஓடுவது. பாய்மரக் காலத்துப் பேச்சு அது. கப்பல் நங்கூரம் போட்டு நிற்கும்போது எதிரியோ புயலோ திடீரென்று வந்தால், அவ்வளவு கனத்தை மேலே இழுக்க நேரம் ஏது? கோடரியால் கயிற்றை வெட்டிவிட்டு, காற்றடிக்கும் பக்கம் ஓடுவார்கள். நங்கூரம் போகும், ஆள் பிழைப்பான். கரையில்தான் அது கெட்ட பேச்சு, கடலில் அது புத்திசாலித்தனம் என்று முடிப்பார்.

அந்தக் கதை அவருக்கு ஏன் அவ்வளவு பிடிக்கும் என்று கூட வேலை பார்த்தவர்களுக்குத் தெரியாது. மகளுக்கு நாலு வயதாகும்போது, மனைவியோடு வாய்த்தகராறு முற்றி, கையில் கிடைத்த பையோடு கப்பல் ஏறியவர் அவர். கோபம் இரண்டு நாளில் தணிந்துவிட்டது. திரும்பிப் போகத்தான் வெட்கம். அந்த வெட்கத்திலேயே இருபது வருஷத்தை ஓட்டிவிட்டு, அதற்குப் புத்திசாலித்தனம் என்று பெயர் சூட்டிக்கொண்டார், பாவி மனுஷன்.

மனைவி இறந்த செய்தியே, ஏதோ துறைமுகத்தில் பார்த்த ஊர்க்காரர் ஒருவர் மூலம், மாதக்கணக்கில் தாமதமாகத்தான் வந்தது. பிறகுதான் மகளைத் தேடிப் போனார். வேறெதுவும் கேட்கப் போவதில்லை, ஒரே ஒரு தடவை அப்பா என்று கூப்பிட்டால் போதும்.

பழைய போட்டோவில் பார்த்திருந்ததால் மகளுக்கு அடையாளம் தெரிந்தது. நாற்காலியில் கிடந்த துவைத்த துணியை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னாள், டீ கொடுத்தாள். அவர் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அந்தக் கதையையே சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“வெட்டின நங்கூரத்தை அப்படியே விட்டுடுவாங்களா?”

“இல்லம்மா. நேரம் இருந்தா, அதோட போற கயித்துல ஒரு மிதவை கட்டிட்டுத்தான் வெட்டுவாங்க. அப்புறம் வந்து தேடி எடுத்துக்கலாம்ல.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒரு விலாசம், ஒரு போன், எதையும் அவர் விட்டுவிட்டுப் போகவில்லை.

“தப்பு பண்ணிட்டேம்மா.”

அவள் தலையாட்டினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதற்குள் அவள் கணவனிடமிருந்து போன் வந்தது. வீட்டில் யார் குரல் என்று கேட்டான்போல.

“அம்மாவுக்குத் தெரிஞ்ச ஒருத்தர்,” என்றாள். “இப்ப கிளம்பிடுவார்.”